பாய்ல்டு வுல் கோட்: வாங்குவது, போடுவது, பாதுகாப்பது

குளிர்கால உடுப்புகளை மாற்றித் தைப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். என் மேசைக்கு வருகிற கோட்டுகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது பாய்ல்டு வுல், அதாவது வெந்நீரில் அலசி இறுக்கிய கம்பளி. போட்டால் பாரம் தெரியாது, காற்றைத் தடுக்கும், கத்தரித்த ஓரம் பிரியாது, ஒழுங்காக வைத்துக்கொண்டால் பல வருஷம் உழைக்கும். ஆனால் கவனிப்புத் தவறிக் கெட்டுப்போய் வருவதிலும் அதுதான் முதலிடம். தோள் இறங்கியிருக்கும். பாக்கெட் வாய் பிளந்து தொங்கும். ஒரே ஒரு முறை துவைத்ததில் கை மணிக்கட்டைத் தாண்டி மேலே ஏறியிருக்கும். இத்தனைக்கும் காரணம் ஒன்றுதான். பார்ப்பதற்குக் கெட்டியான நெசவுத் துணி மாதிரி தெரிந்தாலும் அது பின்னல் துணி. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

ஸ்வெட்டர் பின்னுவது போலத்தான் இதையும் முதலில் கம்பளி நூலால் தளர்வாகப் பின்னுகிறார்கள். பிறகு வெந்நீரும் சோப்பும் விட்டு நன்றாக அலசிக் கசக்குகிறார்கள். ஒவ்வொரு கம்பளி இழையின் மேலும் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் உரசலும் சேரும்போது இழைகள் நகர்ந்து ஒன்றோடொன்று மாட்டிக்கொள்கின்றன. பின்னலின் கண்கள் மூடிக்கொள்ளும், துணி மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ சுருங்கித் தடிக்கும். மாட்டிய செதில்களைப் பிரிக்க வழியே இல்லை. ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் கம்பளியை இப்படி இறுக்குவது மிகப் பழைய தொழில். ஆஸ்திரியாவின் ராம்சாவில் இந்த வேலை செய்யும் பட்டறை ஒன்றின் பெயர் 1434-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே இருக்கிறது.

இதன் நெருங்கிய உறவுகள் இரண்டு வகை. லோடன், மெல்டன் ஆகியவை நெய்த பிறகு இறுக்கப்பட்டவை, அதனால் அவ்வளவாக இழுபடாது. ஃபெல்ட் என்பது நூலே இல்லாமல் இழைகளை அப்படியே அமுக்கிச் செய்தது, இழுத்தால் கிழியும். கடையில் எல்லாவற்றையும் ஒரே பெயரில் விற்பவர்கள் உண்டு. துணியின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மங்கலாகவாவது பின்னல் வரிசை தெரிய வேண்டும். அகலவாக்கில் மெதுவாக இழுத்தால் கொஞ்சம் கொடுத்து, விட்டதும் திரும்ப வேண்டும். அப்படி இருந்தால் அது பாய்ல்டு வுல்.

வாங்கும்போது

முதலில் உள்ளே இருக்கும் லேபிள். நூறு சதவீதம் கம்பளி என்றால் சிறப்பு. கம்பளியும், மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் இழையும் 70-க்கு 30, 60-க்கு 40 என்று கலந்தவை நிறைய வருகின்றன. அவை மோசமில்லை, உடம்போடு மென்மையாக விழும். ஆனால் கதகதப்பு குறையும், நனைந்தால் கனக்கும், உருண்டை உருண்டையாகச் சீக்கிரம் பிசிறு கட்டும். இளங்குளிருக்குத் திறந்து போடும் நீளக் கோட்டுக்கு அது போதும். கடுங்குளிருக்கு வாங்குகிறீர்கள் என்றால் வேண்டாம். அக்ரிலிக்கோ பாலியெஸ்டரோ பாதிக்குப் பாதி இருந்தால் தொடாமலே நகர்ந்துவிடுங்கள். அந்த இழைகளுக்குச் செதில் கிடையாது, அதனால் கம்பளி போல இறுகிக்கொள்ளாது. நைலான் சிறிதளவு சேர்ந்திருந்தால் பரவாயில்லை, அது உறுதிக்காகச் சேர்ப்பது.

அடுத்து எடை. சதுர மீட்டருக்கு 300 கிராம் அளவில் இருந்தால் மெல்லிய கோட்டு, 400 கிராமுக்கு மேல் போனால் நல்ல குளிர் தாங்கும். லேபிளில் இது பெரும்பாலும் இருக்காது. அதனால் கையாலும் வாயாலும் சோதித்துக்கொள்ள வேண்டியதுதான். கீழ் ஓரத்தைக் கைக்குள் இறுக்கிப் பிடித்து விடுங்கள். சுருக்கம் தானாக எழுந்துகொண்டால் நல்ல துணி. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஊசிப்புள்ளி போல ஒளி தெரியக்கூடாது. தெரிந்தால் சரியாக இறுக்கவில்லை, காற்று உள்ளே புகுந்துவிடும். துணி வழியாக ஊதிப் பாருங்கள், மூச்சு எளிதாகப் போகக்கூடாது. அப்புறம் கட்டைவிரலால் ஓர் இடத்தைச் சில முறை அழுத்தித் தேயுங்கள். உடனே இழை திரண்டு வந்தால், போட ஆரம்பித்த முதல் மாதமே அக்குளில் உருண்டைகள் வரும்.

கத்தரித்த ஓரம் அப்படியே விடப்பட்டிருப்பதைப் பார்த்து மட்டமான தையல் என்று நினைக்க வேண்டாம். நன்றாக இறுகிய துணிக்கு ஓரம் மடிக்கத் தேவையில்லை. மடித்தால் தடித்து, கோட்டின் கீழ்ப்பகுதி விறைத்து நிற்கும். ஆனால் அந்த ஓரத்தில் நகத்தால் கிளறும்போது நூல் கண்ணாகப் பிரிந்து வந்தால் அந்தக் கோட்டை விட்டுவிடுங்கள்.

உறுத்தலைக் கையில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, உள்ளங்கைத் தோல் தடிமன். கழுத்தின் பக்கவாட்டில் வைத்து ஒரு நிமிஷம் பொறுங்கள். சுமார் 30 மைக்ரானுக்கு மேல் தடித்த இழைகள் தோலைக் குத்தும், ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. காலரின் உள்பக்கம் மெல்லிய துணி வைத்துத் தைத்திருந்தால் இந்தத் தொல்லை பாதியாகும்.

இனி நான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைப்பது தோள். கோட்டின் மொத்த எடையும் அங்கேதான் தொங்குகிறது. பின்னல் துணி எடையைத் தாங்காது, மெல்ல மெல்ல நீளும். அதனால் தோள் தையலுக்குள் ஒரு பருத்தி டேப் வைத்துத் தைத்திருக்க வேண்டும். கோட்டை உள்பக்கமாகத் திருப்பி, கழுத்திலிருந்து தோள்முனை வரை தையலை விரல்களால் பிடித்து இழுங்கள். துணி கொடுத்தாலும் தையல் கொடுக்கக்கூடாது. பின்கழுத்திலும் இதே மாதிரி பாருங்கள். டேப் இல்லாவிட்டாலும் கோட்டு மற்ற வகையில் உங்களுக்குப் பிடித்திருந்தால், வாங்கியதும் போடுவதற்கு முன்பே தையல்காரரிடம் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். லைனிங் இல்லாத கோட்டில் அது சின்ன வேலை. தோள் இறங்கிய பிறகு சரிசெய்வது பெரிய வேலை, முழுதாகச் சரியாவதும் இல்லை.

போட்டுப் பார்க்கும்போது உங்களிடம் இருப்பதிலேயே தடித்த ஸ்வெட்டரை உள்ளே போட்டுக்கொள்ளுங்கள். தோள் தையல் எலும்பு முடிகிற இடத்தில் நிற்க வேண்டும். வேண்டுமென்றே தோள் இறக்கித் தைத்த மாதிரி என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது, அங்கே முதுகு அகலத்தைப் பாருங்கள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக் கட்டிக்கொண்டால் முதுகு இழுக்கக்கூடாது. “பின்னல்தானே, இழுபட்டுக்கொள்ளும்” என்று ஒரு அளவு சிறியதாக எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது இழுபடத்தான் செய்யும், ஆனால் முழங்கையிலும் பின்பக்கத்திலும் உப்பிக்கொண்டு இழுபடும். கை நீளம் கட்டைவிரலின் அடி வரை இருக்கட்டும், முழங்கையை மடக்கும்போது எப்படியும் மேலே ஏறும். மொத்த நீளம் முழங்காலோடு நின்றால் நல்லது. கணுக்கால் வரை வருகிற கோட்டுகள் அழகுதான், ஆனால் தன் எடையிலேயே இன்னும் நீளும்.

பாக்கெட்டின் மேல்மூலைகள் இரண்டையும் கவனியுங்கள். உள்ளே சின்னத் துண்டுத் துணி வைத்துப் பலப்படுத்தியிருந்தால் தைத்தவருக்கு இந்தத் துணியைத் தெரியும் என்று அர்த்தம். காஜாவும் அப்படியே. பின்னலில் வெட்டிய காஜா வாய் திறந்துகொள்ளும், உள்ளே தாங்கு துணி வேண்டும். பட்டனுக்குப் பின்னால் ஒரு குட்டிப் பட்டன் வைத்துச் சேர்த்துத் தைத்திருப்பதும் நல்ல அடையாளம். இழுவையை அது வாங்கிக்கொள்வதால் துணி கிழியாது.

லைனிங் வேண்டுமா, வேண்டாமா? கைக்கு மட்டும் லைனிங் உள்ளதுதான் என் தேர்வு. கை வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், ஸ்வெட்டரோடு ஒட்டாது, உடம்புப் பகுதியில் துணி சுதந்திரமாக மூச்சுவிடும். முழு லைனிங் என்றால் முதுகின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு மடிப்பு விட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த மடிப்பு இல்லாவிட்டால் வெளித்துணி கொடுக்கும், உள்துணி கொடுக்காது, கடைசியில் லைனிங் தையல் பிரியும். விஸ்கோஸ் லைனிங்கோ, பருத்திக் கழிவு இழையிலிருந்து செய்யும் குப்ரோ லைனிங்கோ வியர்வையை வாங்கும். பாலியெஸ்டர் வாங்காது, கம்பளிக்குப் பணம் கொடுத்த பலனே போய்விடும்.

போடும்போது

கம்பளி தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சியும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. உறிஞ்சும்போது கொஞ்சம் வெப்பமும் வெளியிடும். அதனால் தூறலுக்கும் பனித்துகளுக்கும் பயப்பட வேண்டாம். உள்ளே வரும் முன் உதறினால் பாதி விழுந்துவிடும். ஆனால் இது மழைக்கோட்டு இல்லை. ஊறிப்போனால் கனம் பல மடங்காகி, அந்தக் கனத்தில் பின்னல் கீழே இழுபடும். பெருமழையில் குடையோ மேலே ஒரு மழைச்சட்டையோ வேண்டும்.

உள்ளே ஒரு சட்டை, மெல்லிய ஸ்வெட்டர், மேலே இது. வறண்ட குளிருக்கு இதுவே தாராளம். ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட இரண்டு மெல்லியவை நல்லது, கோட்டின் தோளும் அக்குளும் இறுகாது.

பாக்கெட்டில் கைக்குட்டை, கையுறை, பயணச்சீட்டு இவ்வளவுதான். போனும் சாவிக்கொத்தும் பைக்குள் போகட்டும். நான் பழுது பார்க்கும் பாக்கெட்டுகளில் போன் இருக்கும் பக்கம்தான் எப்போதும் தொங்கியிருக்கும், எதிர்ப்பக்கம் புதிதாக இருக்கும். தோளில் குறுக்காக மாட்டும் பை இன்னொரு எதிரி. பட்டை உரசும் வரியெல்லாம் முதலில் உருண்டை கட்டும், பிறகு தேய்ந்து பளபளக்கும். கையில் பிடிக்கும் பை நல்லது, முடியாவிட்டால் தோளையாவது மாற்றி மாற்றிப் போடுங்கள்.

உட்காரும் முன் கடைசிப் பட்டனைக் கழற்றுங்கள். நீண்ட நேரம் வண்டி ஓட்டுவதென்றால் கோட்டையே கழற்றிப் பின்சீட்டில் விரித்துவிடுங்கள். கழுத்துக்கு ஒரு ஸ்கார்ஃப் எப்போதும் இருக்கட்டும். தோலின் எண்ணெயும் முகப்பூச்சும் காலரில் ஏறாமல் இருந்தால் கோட்டுக்குச் சலவையே அரிதாகத்தான் தேவைப்படும். வாசனைத் திரவியத்தைக் கோட்டு போடுவதற்கு முன்பே அடித்துக்கொண்டு உலர விடுங்கள். புரோச் குத்தலாம், ஊசித் துளை ஆவி பட்டதும் மூடிக்கொள்ளும். கனமான புரோச் மட்டும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும்

பாக்கெட்டைக் காலி செய்து, அகலமான தோள் உள்ள மர ஹேங்கரில் மாட்டி, ஓர் இரவு அலமாரிக்கு வெளியே காற்றாட விடுங்கள். கம்பி ஹேங்கர் தோளில் மூக்கு மாதிரி புடைப்பை உண்டாக்கும். காலரில் இருக்கும் வளையத்தில் ஆணியில் மாட்டுவது அதைவிட மோசம், மொத்த எடையும் பின்கழுத்தில் ஓர் அங்குல இடத்தில் விழும். சமையல் வாசனை, புகை எல்லாம் ஈரக்காற்றில் ஓர் இரவு தொங்கினாலே பெரும்பாலும் போய்விடும். ஒரு நாள் போட்டால் ஒரு நாள் ஓய்வு கொடுங்கள், உப்பிய முழங்கை தானாகப் பழைய நிலைக்கு வரும்.

வாரம் ஒருமுறை, நன்றாக உலர்ந்த கோட்டை, இயற்கை மயிர் வைத்த பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக நீவுங்கள். தூசி இழைக்குள் இறங்கும் முன் எடுத்துவிட்டால் கறையாக மாறாது. ஒட்டும் ரோலரை எப்போதாவது அவசரத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள், அது தூசியோடு இழையையும் பிடுங்கும்.

நனைந்து வந்தால் உதறி, பாக்கெட்டுகளை ஒழுங்காக அமர்த்தி, ரேடியேட்டரிலிருந்தும் ஹீட்டரிலிருந்தும் தள்ளி உலர விடுங்கள். நன்றாக ஊறியிருந்தால் மாட்டவே கூடாது, ஒரு துண்டின் மேல் படுக்கையாக விரியுங்கள்.

கறைகளுக்கு ஒரே விதி: ஒற்றலாம், தேய்க்கக்கூடாது. இந்தத் துணியை உண்டாக்கியதே ஈரமும் சூடும் உரசலும்தான். ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தால் அந்த இடம் மட்டும் இன்னும் இறுகி, வட்டமாக நிறம் மாறித் தெரியும். கறை போனாலும் வட்டம் போகாது. சேற்றை முழுதாகக் காய விட்டுப் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். எண்ணெய்க் கறை மேல் முகப்பவுடரைத் தூவி இரவு முழுக்க விட்டு உதறுங்கள். மற்றவற்றுக்குக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணி, வெளி விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுங்கள். பனிக்காலச் சாலை உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்தால், தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து ஒற்றினால் கரையும். எதையும் முதலில் உள்மடிப்பில் சோதித்துப் பாருங்கள்.

துவைக்கலாமா

“ஏற்கெனவே சுருக்கின துணிதானே, இனி எங்கே சுருங்கப்போகிறது?” என்று என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். இன்னும் சுருங்கும். தொழிற்சாலையில் வேண்டிய தடிமன் வந்ததும் நிறுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். மெஷினின் சாதாரணச் சுற்றில் போட்டால் விட்ட இடத்திலிருந்து அந்த வேலை தொடரும்.

லேபிளில் தொட்டிப் படத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் அதோடு பேச்சு முடிந்தது. வட்டத்துக்குள் ‘பி’ அல்லது ‘எஃப்’ எழுத்து இருந்தால் டிரை கிளீனிங். குளிர்காலம் முடிந்து எடுத்து வைக்கும் முன் ஒருமுறை கொடுத்தால் போதும். அழுத்தி இஸ்திரி போட வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். திரும்பி வந்ததும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி ஒரு நாள் காற்றாட விடுங்கள்.

தொட்டிக்குள் கை படம் இருந்தால் வீட்டில் துவைக்கலாம். லைனிங் இருந்தால் நான் அப்போதும் துவைக்க மாட்டேன், இரண்டு துணிகளும் ஒரே அளவில் சுருங்காது. லைனிங் இல்லாத கோட்டு என்றால் தொடங்கும் முன் மார்பு அகலம், முதுகு நீளம், கை நீளம் மூன்றையும் டேப்பால் அளந்து காகிதத்தில் எழுதுங்கள். 30 டிகிரிக்கு மேல் போகாத நீர். அலசும் நீரும் அதே வெப்பத்தில் இருக்கட்டும். கம்பளிக்கென்று விற்கும் திரவ சோப்பு மட்டும் போடுங்கள். சாதாரணச் சலவைத்தூளில் புரதத்தைக் கரைக்கும் என்சைம் இருக்கும், கம்பளியே புரதம்தான். குளோரின் பிளீச் பட்டால் கம்பளி கரைந்தே போகும். தண்ணீருக்குள் அமுக்கி அமுக்கி எடுங்கள், கசக்காதீர்கள், முறுக்காதீர்கள். தூக்கும்போது தோளைப் பிடிக்காமல் அடியில் இரண்டு கையும் கொடுத்து மொத்தமாகத் தூக்குங்கள். பெரிய துண்டில் சுருட்டி அமுக்கி நீரை எடுத்தபின், படுக்கையாக விரித்து, எழுதி வைத்த அளவுக்கு மெதுவாக நீவி அமர்த்துங்கள். வெயில் நேராகப் பட வேண்டாம். டிரையரை நினைத்தே பார்க்கக்கூடாது.

இஸ்திரிப் பெட்டியின் தட்டு துணியைத் தொடவே தேவையில்லை. இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்து ஆவியை மட்டும் விட்டு, கையால் தட்டிக் கொடுங்கள். உப்பிய முழங்கைக்கும் இதுதான் வைத்தியம். உள்பக்கம் திருப்பி ஆவி காட்டி, சுற்றிலுமிருந்து நடுப்பக்கமாகத் தட்டி, ஆறும் வரை அசைக்காமல் விடுங்கள்.

முதல் குளிர்காலத்தில் உருண்டைகள் கொஞ்சம் வரத்தான் செய்யும், நல்ல துணியில் பிறகு குறையும். கையால் பிய்த்தால் கூடவே புது இழையும் வெளியே வரும். கோட்டை மேசையில் விரித்து, பிசிறு நீக்கும் மெஷினை அழுத்தாமல் மேலாக ஓட்டுங்கள்.

அந்துப்பூச்சியும் ஓட்டையும்

பறக்கும் பூச்சி கம்பளியைத் தின்பதில்லை, அதன் புழுதான் தின்னும். வியர்வையும் உணவுத் துளியும் பட்ட இடங்கள் அதற்கு இன்னும் பிடிக்கும், அதனால்தான் காலரிலும் கைமுனையிலும் ஓட்டைகள் அதிகம். சுத்தம் செய்யாமல் எடுத்து வைப்பதுதான் பெரிய ஆபத்து. சுத்தம் செய்து, முழுதாக உலர்த்தி, இறுக்கமாக மூடும் பெட்டியில் மடித்து வையுங்கள். மாதக்கணக்கில் மாட்டி வைத்தால் பின்னல் நீளும், ஆகவே மடிப்பதுதான் சரி. இடையில் ஓரிரு முறை எடுத்து உதறிப் பாருங்கள். அந்துருண்டையை நான் சிபாரிசு செய்வதில்லை. அதன் ஆவி உடம்புக்குக் கெடுதல், கம்பளியில் ஏறிய வாசனையும் லேசில் போகாது. தேவதாரு மரத்துண்டை நம்பி அசட்டையாகவும் இருக்க வேண்டாம்.

மணல் போன்ற துகளோ வெள்ளை நூலாம்படையோ தென்பட்டால், கோட்டைப் பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வர விடுங்கள், இல்லாவிட்டால் துணியின் மேல் நீர் கோர்த்துக்கொள்ளும்.

ஓட்டை விழுந்தே விட்டதா? இந்த இடத்தில்தான் பாய்ல்டு வுல் மற்ற எல்லாத் துணிகளையும்விடப் பெரிய மனது காட்டும். உள்மடிப்பிலிருந்து கொஞ்சம் இழையைச் சுரண்டி எடுங்கள், நிறம் அப்படியே பொருந்தும். ஓட்டைக்கு அடியில் தடித்த ஸ்பாஞ்ச் வைத்து, இழையை ஓட்டையின் மேல் மெல்லியதாகப் பரப்புங்கள். பக்கங்களில் நுண்ணிய கொக்கி வெட்டுகள் உள்ள ஃபெல்ட்டிங் ஊசி கைவேலைக் கடைகளில் கிடைக்கும். அதை நேர்செங்குத்தாகக் குத்திக் குத்தி எடுங்கள், சாய்த்தால் ஊசி முறியும். கொக்கிகள் இழையைக் கீழே இழுத்துச் சுற்றியுள்ள துணியோடு பின்னிவிடும். திருப்பிப் போட்டு அடிப்பக்கமும் குத்துங்கள். கடைசியில் ஆவி காட்டிக் கையால் தட்டினால், சின்ன ஓட்டை இருந்த இடத்தை நானே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். அரை அங்குலத்துக்கு மேற்பட்ட ஓட்டைக்கு உள்பக்கம் அதே துணியில் ஒரு துண்டு வைத்து அதன் மேல் இதைச் செய்யுங்கள்.

கை நீளம் குறைப்பது இந்தத் துணியில் மிகச் சுலபம், கூரான கத்தரியால் ஒரே வெட்டு. அகலமாக்குவதுதான் கஷ்டம், தையலுக்குள் விட்டிருக்கும் துணி குறைவு. துவைத்துச் சுருக்கிவிட்ட கோட்டைக் கொண்டுவந்து பெரிதாக்கச் சொன்னால் என்னால் முடியாது. ஆனால் அதைத் தூக்கி எறியவும் விடமாட்டேன். முன்பைவிட இறுகிய அந்தத் துணி, பூட்ஸுக்குள் போடும் உள்தட்டுக்கும் கைவிரல் மூடும் கையுறைக்கும் மிகப் பொருத்தம். பாதத்தைக் காகிதத்தில் வரைந்து அதன்படி வெட்டினால் உள்தட்டு தயார், ஓரம் அடிக்கத் தேவையில்லை. முதுகுப் பகுதியை இதற்கு எடுங்கள். தேய்ந்துபோன முழங்கையையும் அக்குளையும் விட்டுவிடுங்கள்.